கண்டதும் காத்ததும்

கண்ணுடையார் எல்லாரும் காண்கின்றனர். ஆயினும், காண்பவர் எல்லாரும் ஒரே வகையாகக் காண்பதில்லை. கண்டதைக் கண்ட பொழுதே மறந்துவிடுபவர் பலர். சிறிது காலம் நெஞ்சில் வைத்துப் பேசி மகிழ்பவர் சிலர். தாம் கண்டதைப் பிறரும் காணுமாறு பேணிக் காத்துத் தருபவரோ மிகச் சிலர். அந்த மிகச் சிலராலேயே ஒரு நாட்டின் நினைவு அழியாமல் நிற்கின்றது.

மாணவர் நால்வர் ஒரு மரத்தடியில் கூடியிருந்தால் அவர்கள் எவற்றைப் பற்றிப் பேசுவார்கள்? சென்ற வாரம் பார்த்த திரைப்படத்தைப் பற்றி ஒருவர் பேசுவார். விடுமுறையில் ஏறிய மலையையோ நீராடிய அருவியையோ மற்றொருவர் வியந்து கூறுவார். தேர்தலில் வெல்பவர் யார், தோற்பவர் யார் என்று மூன்றாமவர் வழக்காடுவார். தெருக்குழாயில் தண்ணீர் வராததையும் கடையில் விலை ஏறியதையும் சொல்லி நான்காமவர் குறைபட்டுக்கொள்வார். திரைப்படம், வெளியுலகப் பயணம், அரசியல், அன்றாட வாழ்வு என்னும் நான்கினுள் மனிதரின் ஓய்வுநேரப் பேச்சுப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்நான்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றே பலர் கருதுகின்றனர். படம் களிப்புக்கு உரியது, பயணம் துணிவுக்கு உரியது, அரசியல் பெரியவர் கவலைக்கு உரியது, அன்றாட வாழ்வோ சலிப்புக்கு உரியது என்று அவர்கள் எல்லை வகுத்துக்கொள்கின்றனர். உண்மை அதுவன்று. நான்கும் கலந்து ஒன்றாய் நின்ற நிகழ்ச்சி ஒன்று இந்திய வரலாற்றில் உண்டு. அதனை உலகெங்கும் தேடிக் காத்துத் தந்த தமிழர் ஒருவரும் உண்டு.

அன்றாட வாழ்வில் உப்பினும் எளிய பொருள் வேறு இல்லை. செல்வர் வீட்டு இலையிலும் ஏழையின் கஞ்சிக் கலயத்திலும் அது ஒன்றுபோல் இடம்பெறுகிறது. வெயிலில் நின்று உழைப்பவனுக்கு வியர்வையோடு உப்பும் வெளியேறிவிடுகிறது. ஆதலின் செல்வனைக் காட்டிலும் உழைப்பாளிக்கே அது மிகுதியாக வேண்டும். அத்தகைய உப்பின்மீது ஆங்கில அரசு வரி விதித்திருந்தது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில், கரையில் தானே படிந்து கிடக்கும் உப்பை ஒருவன் அள்ளி எடுத்தால் அது குற்றம் என்று சட்டம் கூறிற்று. தலைவர் பலர் ஆட்சியுரிமைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், காந்தியடிகள் அடுக்களையில் இருந்த உப்புச் சட்டியை நோக்கினார். உப்பைக் கொண்டு ஒரு பேரரசை எதிர்த்தல் இயலுமோ என்று அவருடைய தோழர்களே முதலில் ஐயுற்றனர்.

1930 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12 ஆம் நாள் காலையில், 78 தொண்டர் உடன்வர, சபர்மதி ஆசிரமத்திலிருந்து காந்தியடிகள் நடக்கத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 60. அவர் சென்று சேரவேண்டிய தண்டிக் கடற்கரை ஏறத்தாழ 240 மைல் தொலைவில் இருந்தது. அந்தத் தொலைவை அவர்கள் 24 நாளில் கடந்தனர். புகைவண்டி ஓடிய காலம் அது. விரைந்து சென்று சேர்வதே நோக்கமாயின் நடக்கவேண்டிய தேவை இல்லை. நடந்தமையாலன்றோ ஊர்தோறும் தங்க முடிந்தது. உழவரோடும் நெசவாளரோடும் பேச முடிந்தது! நாள்தோறும் வழிபாடு செய்தல், நூல் நூற்றல், நாட்குறிப்பு எழுதுதல் ஆகிய மூன்றும் தொண்டர்க்கு விதிகளாக இருந்தன. கால் ஓய்ந்து அமர்ந்த மாலை வேளையிலும், அன்று நடந்ததை எழுதி வைத்த பின்னரே அவர்கள் உறங்கவேண்டும். ஏப்பிரல் 5 ஆம் நாள் அவர்கள் தண்டியை அடைந்தனர். மறுநாள் காலையில் காந்தியடிகள் குனிந்து கரையில் படிந்திருந்த உப்பைக் கையில் எடுத்தார். நாடெங்கும் மக்கள் உப்புக் காய்ச்சத் தொடங்கினர். அவ்வாண்டில் சிறை சென்றோர் தொகை 60,000-க்கும் மேற்பட்டது என்பர்.

தமிழகமும் அன்று வாளா இருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்பிரல் 13 ஆம் நாள், இராசாசியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டனர். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அந்நடைக்கென்றே இயற்றிய பாட்டு அவர்களுக்கு வழித்துணை ஆயிற்று. வழி ஏறத்தாழ 150 மைல். தொண்டர்க்கு உணவும் உறையுளும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவர் அறிவித்தார். அறிவிப்பைக் கேட்ட மக்கள் எதிர்த்துப் பேசவில்லை. சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, தொண்டர் வரும் வழியில் உள்ள மரக்கிளைகளில் தொங்கவிட்டுச் சென்றனர். தொண்டர்க்குச் சோறிட்டவர் இன்னார் என்று காட்ட இயலாமையால் தண்டிக்க வந்தவர் திகைத்தனர்.

அந்தச் சோற்றை வடித்த கை எவருடைய கை? விடியுமுன் எழுந்து மரத்தில் கட்டிவிட்டு வந்தவர் எவர்? வரலாறு அவர்களின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. மேடை ஏறிப் பேசியவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அடுப்படியிலிருந்து அரசியல் நடத்தியவர்களோ பெயரின்றி மறைந்தனர். கண்டவர் எழுதி வைத்திருந்தால் இன்று அப்பெயர்களைச் சொல்லி மகிழலாம். காத்து வையாமையால் நேரும் இழப்பு எத்தகையது என்பதற்கு இஃது ஒரு சான்று.

தண்டி நடையின் நிலை சற்று வேறானது. வழியில் நின்று அதனைக் கண்டோர் பலர் ஆயினும், காணாதோர் கோடிக்கணக்கினர். அவர்களுக்கும் அவர்களுக்குப் பின் பிறந்தோர்க்கும் அந்நடையைக் காட்டும் பேறு ஒரு கருவிக்குக் கிடைத்தது. சாலையோரத்தில் சிலர் படம்பிடிக்கும் கருவியை நிறுத்தி வைத்துக் காத்திருந்தனர். கோலூன்றிக் காந்தியடிகள் விரைந்து நடப்பதையும், பின்வருவோர் காலடியில் புழுதி எழுவதையும் அக்கருவி பதிந்துகொண்டது.

திரைப்படம் அக்காலத்தில் இளமை நீங்காத கலை. 1895 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 28 ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்று மக்களுக்குப் படம் காட்டினர். அடுத்த ஆண்டு சூலைத் திங்களில் அப்படங்கள் பம்பாய்க்கு வந்துவிட்டன. தமிழகத்தில், திருச்சிராப்பள்ளியில் புகைவண்டி நிறுவனத்தில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்டு என்பவர், 1905 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1931 ஆம் ஆண்டில் 'காளிதாசு' என்னும் படம் வெளியாயிற்று. தமிழ் திரையில் பேசத் தொடங்கிற்று. பாட்டும் கூத்தும் புராணக் கதைகளும் மக்களை மயக்கின. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு படம் பார்க்கச் சென்ற காலம் அது.

திரையில் ஓடும் படம் உண்மையில் ஓடுவதில்லை. பேசும் படத்தில் நொடிக்கு 24 நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒன்று மறையுமுன் மற்றொன்று தோன்றுவதால், நின்ற படங்களைக் கண் இயங்கும் படமாகக் கொள்கிறது. இந்தக் கண்மயக்கைக் கொண்டு இல்லாத அரண்மனையை இருப்பதாகக் காட்டலாம். உண்மையில் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறும் காட்டலாம். கருவி இரண்டுக்கும் பொதுவானது. எதற்குப் பயன்படுத்துவது என்பதை முடிவு செய்வது மனிதரின் உள்ளமே. எல்லாரும் கதைப் படங்களில் திளைத்திருந்த காலத்தில், அக்கருவியை உண்மையைக் காக்கும் பெட்டகமாகக் கண்டார் ஓர் இளைஞர்.

அவர் பெயர் கருப்பன். ஏ. கே. செட்டியார் என்ற பெயராலேயே தமிழுலகம் அவரை அறியும். செட்டிநாட்டில் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911 ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலேயே எழுத்தில் நாட்டம் கொண்டு, பர்மாவில் இரங்கூன் நகரில் 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர்ச் சப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று புகைப்படக் கலையைப் பயின்றார். அக்கலையைக் கொண்டு பொருளீட்ட எண்ணியிருந்தால் வழி எளிதாக இருந்திருக்கும். 1937 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் அவர் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். காந்தியடிகளின் வாழ்க்கையை, நடித்துக் காட்டும் கதையாக அன்றி, உண்மைக் காட்சிகளைக் கொண்ட படமாக ஆக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்கப்பலில் அவர் உள்ளத்தில் எழுந்தது. அப்பொழுது அவருக்கு வயது 26 கூட நிரம்பவில்லை.

எண்ணுதல் எளிது. முடித்தல் அரிது. காந்தியடிகள் தோன்றும் படத்துண்டுகள் ஒரே இடத்தில் இல்லை. அவர் வாழ்ந்த நாடுகளிலும் சென்ற நாடுகளிலும் சிதறிக் கிடந்தன. செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளில் பெயர் மறந்து கிடந்தவை பல. அவற்றைத் தேடிச் செட்டியார் இங்கிலாந்துக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார். காந்தியடிகளோடு பழகிய பெரியோரைக் கண்டு உரையாடினார். இதற்கென அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் என்பர். முப்பது ஆண்டுக் காலத்தில் படப்பிடிப்பாளர் நூற்றுவர் வெவ்வேறு இடங்களில் எடுத்த காட்சிகள் அவர் கையில் வந்து சேர்ந்தன. அவற்றின் நீளம் 50,000 அடி.

வெளியுலகத் துணிவு என்றவுடன் இளைஞர் உள்ளத்தில் பனிமலையும் அடர்ந்த காடும் பொங்கும் கடலும் தோன்றும். அத்துணிவு போற்றத் தக்கதே. மலை ஏறுவோனுக்கு உச்சி கண்முன் தெரிகிறது. ஏறிய பின் கீழ்நின்றோர் ஆரவாரம் செய்கின்றனர். அயல்நாட்டு நகர் ஒன்றில், மொழி தெரியாத அலுவலகத்தின் வாயிலில், இருக்கிறதோ இல்லையோ என்று அறியாத ஒரு படத்துண்டுக்காக நாள்முழுதும் காத்திருப்பவனுக்கு உச்சி தெரிவதில்லை, கைதட்டுவோரும் இல்லை. அங்கும் துணிவு வேண்டும். அத்துணிவுக்குப் பொறுமை என்பது மற்றொரு பெயர்.

திரட்டிய அனைத்தையும் காட்டிவிடவும் இயலாது. பேசும் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடியையும் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். செட்டியார் அதனை 12,000 அடியாகச் சுருக்கி இரண்டேகால் மணி நேரப் படமாக்கினார். நான்கில் ஒரு பங்கே திரைக்கு வந்தது. கடல் கடந்து தேடிக் கொணர்ந்த மூன்று பங்கை ஒதுக்கி வைப்பதற்கு எத்துணை மன உறுதி வேண்டும்! எதைக் காட்டுவது என்று அறிவது ஒரு கலை; எதை விடுவது என்று அறிவது அதனினும் அரிய கலை.

படம் 1940 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் சென்னையில் தமிழ் விளக்கத்தோடு வெளியாயிற்று. காலமோ கடுமையானது. முந்திய ஆண்டில் உலகப் போர் மூண்டிருந்தது. இந்தியரைக் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்து, 1939 ஆம் ஆண்டு இறுதியில் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி துறந்தன. படங்களின்மீது ஆங்கில ஆட்சியின் தணிக்கை மீண்டும் இறுகியது. விடுதலை உணர்ச்சியைத் தூண்டிய 'தியாக பூமி' என்னும் படம், 1939 ஆம் ஆண்டில் வெளியாகி மக்கள் பாராட்டைப் பெற்ற பின்னர்த் தடைசெய்யப்பட்டது. செட்டியாரின் படம் வெளியான இரண்டு திங்களில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். காந்தியடிகளின் உருவத்தைத் திரையில் காட்டுவதே ஆட்சியாளரின் சினத்தைக் கிளறக்கூடிய செயலாயிற்று. பறிமுதல் ஆகிவிடும் என்னும் அச்சத்தால் படச்சுருள்கள் மறைத்து வைக்கப்பட்டன. நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில், இந்தி விளக்கத்தோடு அப்படம் புதுதில்லியில் காட்டப்பட்டது. 1953 ஆம் ஆண்டில் ஆங்கில வடிவம் ஒன்று அமெரிக்காவில் வெளியாயிற்று.

அரசியல் என்பது யாது என்பதையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேர்தலில் நிற்பதும் மேடையில் முழங்குவதும் மட்டும் அரசியல் என்று கருதுவோர், செட்டியாரை அரசியலில் சேராதவர் என்றே கூறுவர். ஆயினும், பொதுமக்கள் நலம் கருதிச் செய்யும் செயல் யாதாயினும் அஃது அரசியலின் ஒரு கூறே. உப்பு அள்ளியவரும் அரசியல் செய்தார்; மரத்தில் சோறு கட்டியவரும் அரசியல் செய்தார்; அக்காலத்தின் உண்மையை அழியாமல் காத்தவரும் அரசியலே செய்தார். இன்று பதினெட்டு வயது நிரம்பிய குடிமகன் வாக்குச் சாவடிக்குச் செல்கிறான். 1989 ஆம் ஆண்டுக்கு முன்பு அவன் இருபத்தொரு வயது வரை காத்திருக்கவேண்டியிருந்தது. வாக்களிப்பது ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னர், கேட்டவற்றுள் எது மெய், எது பொய் என்று ஆராய்வதோ ஐந்தாண்டு வேலை. பார்த்ததைப் பார்த்தவாறு நினைவில் வைக்கும் மக்களை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

பெரும்பணியை முடித்த பின்பும் செட்டியார் ஓய்ந்து அமரவில்லை. 1943 ஆம் ஆண்டில் 'குமரி மலர்' என்னும் திங்களிதழைத் தொடங்கி, 1983 ஆம் ஆண்டில் மறையும் வரை அவ்விதழோடு வாழ்ந்தார். பழைய ஏடுகளில் புதைந்து கிடந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து அதில் வெளியிட்டார். தமிழகத்தில் முன்னோர் செய்த பயணங்களைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து 1968 ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக்கினார். 'மலேயா முதல் கனடா வரை', 'கயானா முதல் காசுபியன் கடல் வரை', 'குடகு' முதலிய அவருடைய பயண நூல்களில், அரண்மனைகளைவிட மக்கள் வாழ்க்கையே மிகுதியாக இடம்பெறும். கடல் கடந்து சென்று கூலிகளாய் உழைத்த இந்தியரின் நிலையை அவர் பரிவோடு கண்டு எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓர் ஊருக்கு எந்த வழியாகச் சென்றனர், வண்டிக்கு என்ன கூலி கொடுத்தனர், சத்திரத்தில் என்ன உண்டனர் என்பன எழுதிய நாளில் சிறு செய்திகளாகவே தோன்றியிருக்கும். இன்று அவையே வரலாறு. அன்றாடம் என்று ஒருவர் ஒதுக்குவது, ஐம்பது ஆண்டு கழிந்தால் அரும்பொருளாகிவிடுகிறது.

இவ்வளவும் செய்தவர் தம்மை எங்கும் முன்னிறுத்திக்கொள்ளவில்லை. அவருடைய நூல்களைப் படிப்போர் உலகத்தைக் காண்பர். நூலாசிரியரைத் தேடியே காணவேண்டும். இப்பண்புக்கு உலக வரலாற்றிலிருந்து மற்றொரு சான்றும் காட்டலாம். 1953 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆம் நாள் எட்மண்டு இல்லாரியும் தென்சிங்கும் எவரெசுட்டுச் சிகரத்தை அடைந்தனர். மனிதன் அதன் உச்சியை அடைந்தான் என்று உறுதியாக அறியப்பட்ட முதல் நாள் அதுவே. பனிக்கோடரியை உயர்த்திப் பிடித்து நிற்கும் தென்சிங்கின் படத்தை உலகம் முழுதும் கண்டது. அதனை எடுத்தவர் இல்லாரி. உச்சியில் இல்லாரி நிற்கும் படம் ஒன்றுமில்லை. உலகிலேயே உயர்ந்த இடத்தில் நின்றபொழுதும் அவர் கருவியைத் தம்மை நோக்கித் திருப்புமாறு கேட்கவில்லை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. செட்டியார் நாடு நாடாகச் சுமந்து சென்ற கருவிகளின் ஆற்றல் அனைத்தும் ஒரு சிறு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. ஆயினும், மலை உச்சிக்குச் செல்வோர் பலர் மலைக்கு முதுகு காட்டி நின்று, கருவியைத் தம் முகத்துக்கு நேரே திருப்புகின்றனர். அதில் பெரும் பிழை ஒன்றும் இல்லை. தன் முகத்தைத் தான் காண விழைவது மனித இயல்பே. ஒரு படம் அவ்வாறு எடுத்தவர், மறுபடமாவது மலையை நோக்கி எடுத்தல் வேண்டும். மலையடிவாரத்தில் சுக்குக் காப்பி விற்கும் மூதாட்டியின் முகத்தையும், அவர் சொல்லும் ஊர்க்கதையையும் பதிந்து வருதல் வேண்டும். முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கும்பொழுது எது விலைமதிப்பு உடையது என்பது தானே விளங்கும்.

காக்கும் பணி எத்துணை இன்றியமையாதது என்பதைச் செட்டியாரின் படமே உணர்த்துகிறது. 1940 ஆம் ஆண்டில் தமிழர் கண்டு நெகிழ்ந்த அப்படம் காலப்போக்கில் காணாமற் போயிற்று. அறிஞர் ஆண்டுக்கணக்கில் தேடினர். 1953 ஆம் ஆண்டின் ஆங்கில வடிவமே அமெரிக்காவில் அவர்களுக்குக் கிட்டியது. நூறு பேர் எடுத்ததை ஒருவர் ஓர் இலட்சம் மைல் அலைந்து திரட்டித் தந்தார். அவ்வாறு திரட்டித் தந்ததை ஓர் இனம் ஓர் அலமாரியில் பூட்டிக் காக்கத் தவறிவிட்டது!

இவ்விழப்பு அப்படத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாசு' இன்று ஒரு படியேனும் இல்லாமல் அழிந்துவிட்டது. அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட்டு என்னும் பொருளால் ஆனவை. அஃது எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் உருக்குலையும், ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடியாய் உதிரும். போதாக்குறைக்கு, ஓடி முடிந்த படங்களால் இனிப் பயனில்லை என்று கருதி, சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அவற்றை எடைக்கு விற்றவர்களும் உண்டு. படங்களைப் பாதுகாப்பதற்கென்று தேசியத் திரைப்படக் காப்பகம் பூனாவில் 1964 ஆம் ஆண்டில்தான் நிறுவப்பட்டது. அதற்குள் மௌனப் படங்களுள் மிகப் பலவும், தொடக்கக் காலப் பேசும் படங்களுள் பலவும் மறைந்துவிட்டன. நெருப்பும் வெப்பமும் அழித்தவை ஒரு பங்காயின், இதனால் இனி என்ன பயன் என்னும் எண்ணம் அழித்தவை மற்றொரு பங்காகும்.

அவ்வெண்ணத்தை மாற்றுவதற்குப் பெரும்பொருள் வேண்டா; கடல் கடந்து செல்லவும் வேண்டா. திரைப்படம் பார்க்கும் மாணவர், அதன் கதையோடு நில்லாமல், இக்காட்சி எங்கே எடுக்கப்பட்டது, எது காட்டப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்று வினவலாம். வெளியூர் செல்பவர், தண்டித் தொண்டரைப் போல அன்றிரவே நாட்குறிப்பில் பத்து வரி எழுதலாம். அரசியல் பேச்சைக் கேட்பவர், சென்ற முறை சொன்னது யாது, செய்தது யாது என்று குறித்து வைத்து ஒப்பிடலாம். வீட்டில் இருப்பவர், பாட்டன் பாட்டியரிடம் அமர்ந்து, அவர்களின் இளமையில் குடிநீர் எங்கிருந்து வந்தது, பள்ளிக்கு எந்த வழியாகச் சென்றனர், முதலில் பார்த்த படம் யாது, முதலில் வாக்களித்த நாளில் என்ன நிகழ்ந்தது என்று கேட்டு எழுதலாம். நான்கு வினாக்களுக்கும் விடை அந்த ஒரு முற்றத்திலேயே கிடைக்கும்.

வேதாரண்யம் செல்லும் வழியில் மரத்தில் சோறு கட்டியவர்களின் பெயர்களை இனி அறிவது அரிது. இன்று ஒவ்வோர் ஊரிலும் ஏரியைத் தூர்வாரியவரும், வெள்ளத்தில் அண்டை வீட்டாரைத் தோளில் சுமந்தவரும், பசித்தவர்க்கு அடுப்பு மூட்டியவரும் இருக்கின்றனர். அவர்களின் பெயரை இன்றே கேட்டு எழுதிவைத்தால் அது நிலைக்கும். எழுதாமல் விட்டால் அதுவும் உதிர்ந்த படச்சுருளோடு சேர்ந்துவிடும்.